பாழிமலைக் குகையில் பார்த்தது

"அந்தக் குகையிலேயே இருந்துடலாம்னு வந்திருக்கேம்மா," என்றார் குப்பண்ணன்.

தவமணி அவரை உட்காரச் சொன்னாள்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. அவள் நாற்பதைத் தாண்டவில்லை. பாழிமலை அடிவாரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். மனசு சரியில்லாதவர்கள் அவளைத் தேடி வருவார்கள். அதிகம் பேசமாட்டாள். வருகிறவர்களை மலைமேல் இருக்கும் சுண்ணாம்புக் குகைக்கு அனுப்புவாள். போய்த் திரும்பியவர்கள் அவளைக் குரு என்றார்கள். அவள் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

குப்பண்ணன் முப்பத்தைந்து வருஷம் லாரி ஓட்டியவர். போன ஆடியில் அவர் மனைவி பாவாயி இறந்துவிட்டாள். பிள்ளைகள் கிடையாது. ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவதாகச் சொன்னார். யாராவது பேசிக்கொண்டிருந்தால்தான் சோறு உள்ளே இறங்குகிறதாம். இப்போது அதுவும் பிடிக்கவில்லையாம்.

"வீட்டுலயும் தனியாத்தான் கிடக்கேன். குகையில இருந்தா அது ஒரு குறையாத் தெரியாது பாருங்க. அங்க தனியா இருக்கறதுதானே முறை?"

தவமணி மலையைக் கைகாட்டினாள்.

"முதல்ல போய்ப் பார்த்துட்டு வாங்க. அங்க என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

பாதை செங்குத்து. நிற்கக்கூட இடமில்லாத சில இடங்களில் மரவேரைப் பிடித்துத் தொங்கித்தான் மேலே போகவேண்டும். உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு அவருக்கு. முழங்கால் விட்டுப்போயிற்று. உள்ளங்கை இரண்டும் சிராய்த்துக்கொண்டன. ஒருவழியாக ஏறி, குகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"என்ன இருந்துச்சு?" என்றாள் தவமணி.

"குகைங்க."

"குகைக்குள்ள?"

"கல்லு. கொஞ்சம் தண்ணி."

அவள் எழுந்து உள்ளே போனாள். சமைத்துச் சாப்பாடு போட்டாள்.

மறுநாளும் ஏறினார். இந்தத் தடவை லாரியில் ஏற்றிய சரக்கைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டார். வந்ததும் வராததுமாக ஒப்பித்தார். வாசல் ரெண்டு ஆள் உயரம். உள்ளே போகப்போக அகலம். கூரையிலிருந்து ஆலம் விழுதுபோலக் கல் விழுதுகள் தொங்குகின்றன. நடுக்கூரையில் ஒரு பொத்தல், அதில் வானம் தெரிகிறது.

"விழுதெல்லாம் என்ன நிறம்?"

"வெள்ளைங்க."

"எல்லாமேவா?"

அவர் அவ்வளவு பார்த்திருக்கவில்லை.

"தண்ணி எங்கிருந்து விழுது?"

"மேல இருந்துதான்."

"தொட்டுப் பார்த்தீங்களா? சில்லுனு இருந்துச்சா?"

குப்பண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. ரெண்டு நாளாக உடம்பெல்லாம் வலி வேறு.

"ஏம்மா, வருஷக்கணக்கா அந்தக் குகையில உட்கார்ந்து தவம் பண்ணவங்க நீங்க. எல்லாத்தையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு என்னை எதுக்குப் பாடாப் படுத்தறீங்க?"

தவமணி சேலையைச் சற்று விலக்கித் தன் இடது காலைக் காட்டினாள். அவள் சாய்ந்து சாய்ந்து நடப்பதை அவர் வந்த அன்றைக்கே பார்த்திருந்தார். எங்கோ விழுந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். இப்போதுதான் அந்தக் காலைப் பார்த்தார். மூங்கில் குச்சிபோல இருந்தது.

"ரெண்டு வயசுல போலியோ. இந்தக் காலோட மலை ஏற முடியாதுங்க. அந்தக் குகையை நான் பார்த்ததே இல்லை."

"அப்ப ஊருல சொல்றதெல்லாம்?"

"யாரும் என்கிட்டக் கேட்டதில்லை. நீங்கதான் கேட்டீங்க."

அவர் எழுந்து போய்த் திண்ணையில் படுத்துக்கொண்டார்.

பொழுது விடிந்ததும் அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். பார்க்காத இடத்துக்கு ஆளை அனுப்புகிறவளிடம் என்ன உத்தரவு கேட்பது? போர்வை ஒன்று, பையில் அவல், ஒரு வெல்லக்கட்டி. நாலைந்து நாளைக்கு வரும். அது தீர்ந்தபின் என்ன என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கவேண்டிய அவசியம் இருப்பதாகவும் அவருக்குத் தோன்றவில்லை.

குகைக்குள் போர்வையை விரித்து உட்கார்ந்தார்.

தண்ணீர் சொட்டியது. ஒன்று சொட்டி, இன்னொன்று சொட்டுவதற்குள் நெடுநேரம் ஆயிற்று. அந்த இடைவெளியில் தன் மூச்சு தனக்கே கேட்டது. லாரியின் இரைச்சலில் முப்பத்தைந்து வருஷம் அது கேட்டதில்லை. பாவாயி போனபிறகு ரேடியோ போட்டதே இது கேட்கக்கூடாதென்றுதான்.

அப்படியே உட்கார்ந்திருந்தார். பசிக்கவில்லை. அவல் பையைப் பிரிக்கவில்லை.

பிற்பகல் ஆயிற்று. சூரியன் மேற்கே சாயச்சாய, கூரைப் பொத்தல் வழியாக ஒரு வெளிச்சம் சரிந்து உள்ளே வந்தது. முதலில் சுவரில் விழுந்தது. பிறகு நகர்ந்து ஒரு கல் விழுதைத் தொட்டது.

அந்தக் கல் சிவந்தது.

விளக்குக்கு முன்னால் கைவிரலை வைத்தால் ஓரமெல்லாம் சிவக்குமே, அப்படி. கல்லுக்குள்ளே ரத்தம் ஓடுவதுபோல. அதன் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் நின்று நெருப்பாக மின்னியது. வெளிச்சம் அடுத்த விழுதுக்குப் போயிற்று. அது மஞ்சள். அதற்கடுத்தது ஏறக்குறையப் பச்சை. அந்த நேரம் பார்த்துப் பொத்தல் வழியாகச் சின்னச்சின்னக் குருவிகள் கூட்டமாக உள்ளே இறங்கின. வெளிச்சத்தைத் தாண்டும்போது ஒவ்வொன்றும் ஒரு கணம் பொன்னாகி, இருட்டுக்குள் போய் மறைந்தது.

"இங்க பாரு பாவாயி," என்றார் குப்பண்ணன்.

சொல்லிக்கொண்டே பக்கத்தில் திரும்பினார்.

போர்வையின் பாதி காலியாகக் கிடந்தது.

ஒவ்வொரு தடவையும் லோடு இறக்கிவிட்டு அவர் வீடு வந்து சேர்ந்ததும், பாவாயி வெந்நீர் விளாவிக்கொண்டே கேட்பாள்: "இந்த வாட்டி என்னங்க பார்த்தீங்க?" அவர் காஷ்மீரில் பனி கொட்டுவதைப் பார்த்திருந்தார். கட்ச் பக்கம் நிலா வெளிச்சத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பாகக் கிடந்ததைப் பார்த்திருந்தார். பிரம்மபுத்திராவில் மறுகரை தெரியாமல் வெள்ளம் போனதைப் பார்த்திருந்தார்.

"என்னத்தைப் பார்த்தேன், ரோடுதான்," என்பார். குளிப்பார், சாப்பிடுவார், படுத்துவிடுவார்.

ஏதோ ஒரு வருஷத்தில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். எந்த வருஷம் என்று இப்போது நினைத்துப் பார்த்தார். பிடிபடவில்லை. அவள் விட்டுவிட்டதையே அவர் அப்போது கவனிக்கவில்லை.

கடைசி விழுதிலிருந்தும் வெளிச்சம் போயிற்று. குப்பண்ணன் முகத்தைப் போர்வையில் துடைத்தார். பிறகு அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வேர்களைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்.

பாதையின் கடைசி வளைவில், ஒரு பாறைமேல் தவமணி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டிலிருந்து அந்த இடம் வரைக்கும் நல்ல ஏற்றம். அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முழங்கையில் மண். சேலை ஓரத்தில் முள் கிழித்திருந்தது. எங்கே போனீர்கள் என்று அவள் கேட்கவில்லை. போர்வையையும் பிரிக்காத அவல் பையையும் பார்த்தாள்.

குப்பண்ணன் நின்றபடியே சொன்னார். பாவாயி கேட்டதை, தான் சொல்லாமல் போனதை, அவள் கேட்பதை நிறுத்தியதை.

"இன்னைக்கு வாய் தவறி அவளைக் கூப்பிட்டுட்டேம்மா. இங்க பாருன்னு சொல்லிட்டேன். திரும்பினா ஆளு இல்லை."

தவமணி தன் காலை இரண்டு கைகளாலும் தூக்கி நகர்த்தி, பாறையில் அவருக்கு இடம் விட்டாள்.

"அவங்களுக்கு எதைக் காட்டுனீங்க?"