ஃப்ரிட்ஜ் முன்னால் காத்திருந்தவன்

இந்தக் கதை நடந்தபோது நான் அங்கே இல்லை. என்னோடு தட்டச்சு வகுப்பில் படித்த ஒருவர் சொன்னது. அவர் இருதயராஜின் சித்தி மகன். அவருக்கு இருதயராஜே போனில் சொன்னானாம், அதுவும் பெருமையாக. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

மூன்று பேர். மூவரும் எஞ்சினியர்கள், ஒரே கல்லூரி. பேச்சிமுத்துவும் செண்பகவல்லியும் ஒரு வகுப்பு. இருதயராஜ் ஒரு வருடம் மூத்தவன், அதனால் அறிவாளி என்று மற்ற இருவரும் முடிவு செய்திருந்தார்கள். மூவர் வீட்டிலும் அதற்கு முன்னால் யாரும் கல்லூரிக்குள் கால் வைத்ததில்லை. மூவரும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வாங்கியவர்கள். எப்படி வாங்கினார்கள் என்றால், புத்தகத்தில் இருப்பதை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதி வாங்கினார்கள். ஒரு பரீட்சையில் பேச்சிமுத்து விடையின் முடிவில் “படம் 4.2-ஐப் பார்க்க” என்றும் சேர்த்து எழுதினான். படம் வரையவில்லை. அதற்கும் முழு மார்க் போட்டார்கள். அன்றைக்கு ஒரு மார்க் குறைத்திருந்தால் அவன் தப்பித்திருப்பான்.

படித்த படிப்புக்கு வேலை கிடைக்காததால் மூவரும் ஒரு வருடத் தன்னார்வப் பணிக்கு எழுதிப்போட்டார்கள். அயர்லாந்தில் ஒரு பண்ணைக் குடியிருப்பு. தனியாக வாழச் சிரமப்படும் பெரியவர்கள் அங்கே சில பேராகச் சேர்ந்து தனித்தனி வீடுகளில் இருக்கிறார்கள். தன்னார்வலர்களும் அதே வீடுகளில் தங்கி, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சாப்பிட்டு, அவர்களுக்கு ஒத்தாசையாக இருக்க வேண்டும். தங்க இடம், சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாம் அவர்கள் செலவு. முதல் மூன்று மாதம் மட்டும் சோதனைக் காலம். தேறாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பேச்சிமுத்துவைப் பயமுறுத்தியது அந்தக் கடைசி வரிதான். அவன் கிளம்பிய அன்று அவன் அப்பா பஸ் ஸ்டாப்பில் பதினாறு அடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார். “அயல்நாட்டில் பணியாற்றச் செல்லும் எங்கள் ஊரின் முதல் எஞ்சினியரை வாழ்த்தி வழியனுப்பும்” என்று தொடங்கி, கீழே நாற்பத்தொரு பேரின் பாஸ்போர்ட் படம். நடுவில் ஸ்டுடியோக்காரரின் கோட்டைப் போட்டுக்கொண்டு பேச்சிமுத்து. மூன்றே மாதத்தில் திரும்பி வந்தால் பஸ் அந்த ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழேதான் நிற்கும். வேறு ஸ்டாப் கிடையாது.

ஆகவே விமானத்தில் போகும்போதே, குடியிருப்பிலிருந்து அனுப்பியிருந்த அறுபத்து நான்கு பக்கக் கையேட்டை மூவரும் மனப்பாடம் செய்தார்கள். செண்பகவல்லி கேள்வி கேட்பாள், மற்ற இருவரும் ஒப்பிப்பார்கள். சாப்பாடு கொண்டுவந்த பணிப்பெண்ணிடம் இருதயராஜ், “பக்கம் முப்பத்தேழு முடியட்டும்” என்று சொல்லிவிட்டான். சாப்பாடு போய்விட்டது.

புதிதாக வருபவர்களை முதலில் கோர்மக் இருக்கும் வீட்டில் விடுவது அங்கே வழக்கம். அங்கே வசிப்பவர்களில் ஒருவரான கோர்மக்குக்கு ஐம்பத்தெட்டு வயது. எழுதப் படிக்க வராது, கையெழுத்து மட்டும் போடுவார். புது இடத்துக்குப் போனால் பதறிப்போவார். மற்றபடி கோழி, உருளைக்கிழங்கு, அடுப்பு, அழும் தன்னார்வலர்கள் எல்லாவற்றையும் முப்பத்தொரு வருடமாகச் சமாளித்து வருபவர். வீட்டுப் பொறுப்பாளர் நோரா. நல்ல பெண். அப்போது அவளுக்குத் தலைமுடி கறுப்பாகவே இருந்ததாம்.

முதல் நாள் காலை நோரா பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். போகும்போது, “கோர்மக் மேல் ஒரு கண் இருக்கட்டும்” என்றாள்.

மூவரும் மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டுக் கோர்மக்கைச் சுற்றி உட்கார்ந்து அவரையே பார்த்தார்கள். அவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பால் பொங்கும் சத்தம் கேட்டது.

“அண்ணே, பால் பொங்குது,” என்றான் பேச்சிமுத்து, தலையைத் திருப்பாமல்.

“பொங்கட்டும்லே. கண்ணை எடுத்தியோ, தொலைஞ்ச.”

“அவங்க ஒரு கண்ணுதான சொன்னாங்க? இன்னொரு கண்ணால பாலைப் பாக்கலாம்லா?” என்று கேட்டாள் செண்பகவல்லி.

இருதயராஜ் வெகுநேரம் யோசித்தான். “பாக்கலாம் தங்கச்சி. ஆனா பாத்தா மட்டும் அது நிக்காது. அதுனால பாத்துப் பிரயோசனமில்ல.”

கோர்மக் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். மூவரும் கண்ணெடுக்காமல் வரிசையாக அவர் பின்னால் போய், வரிசையாகத் திரும்பி வந்தார்கள். இரண்டாம் முறை அவர் வேண்டுமென்றே அடுப்புவரை போய்விட்டு வந்தார். அப்போதும் போனார்கள்.

கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில், “இந்த வீட்டில் எந்தக் கதவையும் தட்டாமல் திறக்காதீர்கள். உள்ளிருந்து பதில் வந்த பிறகே திறங்கள்” என்று போட்டிருந்தது. பேச்சிமுத்து ஃப்ரிட்ஜைத் தட்டினான். பதில் வரவில்லை. மறுபடியும், இந்தத் தடவை கொஞ்சம் மரியாதையாக, தட்டினான்.

செண்பகவல்லி வந்து பார்த்தாள். “என்ன பேச்சி, யாரு உள்ள?”

“யாரும் இல்லன்னுதான் நினைக்கேன்.”

“யாரும் இல்லைன்னா பதில் எப்படி வரும்?”

“அதான் நிக்கேன்.”

அவளும் கூட நின்றாள். அரை மணி நேரம் இருவரும் நின்றார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே இதைப் பார்த்துக்கொண்டிருந்த கோர்மக் கடைசியில், “உள்ளே வா!” என்று ஒரு குரல் கொடுத்தார். பேச்சிமுத்து நன்றி சொல்லிவிட்டு வெண்ணெயை எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து ஃப்ரிட்ஜ், அலமாரி, கோழிக்கூண்டு, எதைத் தட்டினாலும் கோர்மக் எங்கிருந்தாவது “உள்ளே வா” என்பார். ஒருநாள் குளித்துக்கொண்டிருக்கும்போதுகூடச் சொன்னார்.

நாற்பதாம் நாள் நோரா சமையலறைக்கு வந்தபோது கோர்மக் வியர்க்க வியர்க்க ஒரு மூட்டை உருளைக்கிழங்கை இழுத்து வந்துகொண்டிருந்தார். மூவரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

“என்ன செய்கிறீர்கள்?”

“உதவாமல் இருக்கிறோம்,” என்றான் பேச்சிமுத்து.

“என்னது?”

“பக்கம் பதினான்கு. ‘அவரால் செய்ய முடிந்ததை அவருக்காக நீங்கள் செய்யாதீர்கள்.’ அவரால் எல்லாமே முடிகிறது.”

“கையை ஏன் அப்படி வைத்திருக்கிறீர்கள்?”

“பழக்கதோஷத்தில் உதவிவிடக் கூடாது என்றுதான்.”

நோரா நாற்காலியில் உட்கார்ந்தாள். “இங்கே பாருங்கள். அவர் செய்வதை அவரோடு சேர்ந்து செய்யுங்கள். எல்லாவற்றையும் சேர்ந்து செய்யுங்கள். புரிந்ததா?”

புரிந்தது. மறுநாள் ஒரே விளக்குமாற்றை நான்கு பேர் பிடித்துக் கூட்டினார்கள். விளக்குமாற்றின் மறுமுனை ஜன்னலுக்கு வெளியே போயிற்று, கண்ணாடி வழியாக. பிறகு கோழிக்கூண்டிலிருந்து ஒரு முட்டையை நான்கு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். “மெதுவா, மெதுவா, உன் பக்கம் சாயுதுலே,” என்று இருதயராஜ் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். வாசற்படியில் நான்கு பேரும் ஒரே சமயத்தில் நுழையப் பார்த்ததில் முட்டை போயிற்று. அன்றைக்கு ஆறு முட்டை. ஆறு முறை போனார்கள். ஆறாவது முறை கோர்மக் அந்த முட்டையைத் தன் தொப்பியில் ஒளித்துக்கொண்டதால் அவருக்கு மட்டும் காலைச் சாப்பாடு கிடைத்தது.

மூன்று மாதம் முடிய ஒரு நாள் இருந்தது. அன்றைக்குத்தான் அரசாங்க ஆய்வாளர் வீடுகளைப் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்திருந்தது. நோரா மூவரையும் நிற்க வைத்துப் பேசினாள்.

“நாளைக்கு உங்கள் சோதனைக் காலம் முடிகிறது. திருப்பி அனுப்பும் கடிதத்தை எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஆய்வு ஒழுங்காக நடந்தால் அதைக் கிழித்துவிடுகிறேன். நான் ஆய்வாளரை அழைத்துவர ரயில் நிலையத்துக்குப் போகிறேன். வரும்வரை நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். கோர்மக் சொல்வதை மட்டும் செய்யுங்கள். யார் என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்லுங்கள்.”

பேச்சிமுத்துவுக்கு அந்தப் பதினாறு அடி ஃப்ளெக்ஸ் கண்ணுக்குள் ஆடியது. அவள் சொன்னதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டான்.

நோரா போனாள். கோர்மக் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். மூவருக்கும் மஞ்சள் சட்டையை மாட்டி, கழுத்துவரை பட்டன் போட்டு, பெஞ்சில் உட்கார வைத்து, ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தார். “சமர்த்தாக இருங்கள்” என்றார். இருந்தார்கள்.

ஆய்வாளர் ரயிலில் வரவில்லை, காரில் வந்துவிட்டார். உள்ளே வந்தவர், அடுப்படியில் ஏப்ரன் கட்டிக்கொண்டு சூப் கிண்டும் பெரியவரையும், பெஞ்சில் பிஸ்கட்டோடு இருக்கும் மூன்று பேரையும் பார்த்தார்.

“இந்த வீட்டில் மற்றவர்களைப் பார்த்துக்கொள்வது யார்?”

“நான்தான்,” என்றார் கோர்மக். அதில் பொய் ஒன்றும் இல்லை.

“எத்தனை வருடமாக?”

“முப்பத்தொன்று.”

ஆய்வாளர் மரியாதையோடு எழுதிக்கொண்டார். பிறகு பெஞ்சின் முன்னால் குனிந்து, குரலை மென்மையாக்கிக்கொண்டு, “வணக்கம். நீங்களே சாப்பிடுவீர்களா?” என்று கேட்டார்.

மூவரும் கோர்மக்கைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டினார். “சாப்பிடுவோம்” என்றார்கள்.

“தேநீர் போடத் தெரியுமா?”

“தெரியும்,” என்றாள் செண்பகவல்லி. “ஆனால் போடக் கூடாது.”

“கடைத்தெருவுக்குத் தனியாகப் போவீர்களா?”

“கோர்மக் இல்லாமல் எங்கேயும் போக மாட்டோம்,” என்றான் இருதயராஜ்.

“கையில் அது என்ன?”

“பிஸ்கட்,” என்றான் பேச்சிமுத்து. “சாப்பிடச் சொல்லி இன்னும் உத்தரவு வரவில்லை.”

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உனக்கு இங்கே ஏதாவது குறை உண்டா, தம்பி? பயப்படாமல் சொல்.”

உண்மையைச் சொல்லச் சொல்லியிருந்ததால் பேச்சிமுத்து சொல்லத் தொடங்கினான். சொல்லத் தொடங்கியதும் அழுகை வந்துவிட்டது. “எங்களை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். நோரா பையில் கடிதம் இருக்கிறது. நான் போக மாட்டேன். எங்கள் ஊரில் என்னைப் பதினாறு அடிக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள்.”

ஆய்வாளர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை அப்படியே நிறுத்தினார். “எதனால் கட்டி வைத்திருக்கிறார்கள்?”

“கயிற்றால்.”

ஆய்வாளர் பையைத் திறந்தார். மூவருடைய பெயரையும் எழுத்துக் கூட்டிக் கேட்டுப் பெரிய பாரத்தில் எழுதி, முத்திரை குத்தினார். பாரத்தின் ஒரு பிரதியை மேசைமேல் வைத்துவிட்டு, கோர்மக்கின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, சூப் ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போனார்.

நோரா ரயில் நிலையத்தில் மூன்று ரயில்கள் வந்து போனதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பாரத்தைப் படித்தாள். உட்கார்ந்து மறுபடியும் படித்தாள். வீட்டில் வசிப்போர் மூவர், அவர்களைப் பராமரிப்பவர் ஒருவர், இந்த மூவரையும் அலுவலக அனுமதி இல்லாமல் எங்கேயும் அனுப்பக் கூடாது என்று இருந்தது.

“இதைத் திருத்தியாக வேண்டும்,” என்றாள். “கோர்மக், இந்த இடத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். பராமரிப்பவர் கையெழுத்து இல்லாமல் திருத்த முடியாதாம்.”

கோர்மக் பேனாவை வாங்கினார். மூவரையும் பார்த்தார். பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

“இருக்கட்டும் நோரா. மெதுவாகத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.”

அன்று மாலை மூவரும் பெஞ்சில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

“அண்ணே, அப்ப நாம யாரு?” என்று கேட்டான் பேச்சிமுத்து.

“பாரத்துல என்ன போட்டிருக்கு?”

“வசிப்போர்னு போட்டிருக்கு.”

“சீல் இருக்கா?”

“இருக்கு.”

“அப்புறம் என்னலே கேள்வி?”

“அப்படின்னா,” என்று செண்பகவல்லி கவலையோடு இழுத்தாள், “இனிமே அந்தப் பிஸ்கட்டை நாமளா சாப்பிடலாமா?”

“நம்மால முடிஞ்சதை நாமதான் செய்யணும். பக்கம் பதினாலு,” என்றான் இருதயராஜ். சாப்பிட்டார்கள்.

பேச்சிமுத்து அப்பாவுக்குப் போன் போட்டு, “அப்பா, எங்கள இனி யாரும் இங்கருந்து அனுப்ப முடியாதாம். கவர்மென்ட் சீல் குத்தியாச்சு” என்றான். அப்பா ஃப்ளெக்ஸை இருபது அடியாக்கினார்.

இதில் பாதி கட்டுக்கதை என்றுதான் நான் நினைத்தேன். ஆகவே சித்தி மகனிடம் அந்த வீட்டு எண்ணை வாங்கிக் கூப்பிட்டுப் பார்த்தேன். வயதான ஒரு குரல் எடுத்தது. கோர்மக்தான். பேச்சிமுத்து இருக்கிறானா என்று கேட்டேன்.

“இருக்கிறான். பால் எடுக்கப் போனான். கொஞ்சம் பொறுங்கள்,” என்று ரிசீவரை மேசைமேல் வைத்தார். தூரத்தில் யாரோ இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது. “உள்ளே வா!” என்று அவர் குரல் கொடுத்தார். ஃப்ரிட்ஜ் கதவு திறந்த சத்தம் எனக்குத் தெளிவாகவே கேட்டது.