கரடியின் ஜீப்பும் நகம் வைத்த டயரும்

காட்டில் ஒரு கரடி ஜீப் ஓட்டிப் பிழைத்துவந்தது. அதன் பெயர் பொன்னுரங்கம். வனக்காவலர்கள் பழசாகிவிட்டது என்று ஓடைக்கரையில் விட்டுப்போன வண்டி அது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். கரடி அதைத் துடைத்து, முடுக்கி, மறுபடி உயிர் கொடுத்திருந்தது.

காட்டின் நடுவே ஒரு தார்ச்சாலை உண்டு. நாவல் மரத்தடியில் தொடங்கி ஏரிக்கரையில் முடியும். கோடை வந்தால் குட்டைகள் வற்றிவிடும். நடக்கமுடியாதவர்களை ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போய்வருவதுதான் கரடியின் அன்றாட வேலை. ஆமை வரும். கால் வீங்கிய முள்ளம்பன்றி வரும். குட்டிகளோடு முயல்கள் வரும். காட்டுப்பூனைக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அது வரும்.

வாரத்தில் ஆறு நாள் இப்படி. ஏழாம் நாள் மட்டும் ஜீப் தாரை விட்டு இறங்கிச் செம்மண் தடத்தில் போகும். அந்தத் தடத்தின் முடிவில் மூங்கில் பள்ளம். அங்கே அல்லி என்ற புள்ளிமான் தனியாக இருந்தது. கம்பிக் கண்ணியில் சிக்கிய அதன் பின்னங்கால் தரையில் சரியாக ஊன்றாது. வயிற்றில் குட்டி வேறு. கரடி அதற்கு உப்புமண் கொண்டுபோய்க் கொடுக்கும்.

"அண்ணா, பள்ளத்தில் புல் இருக்கிறது. கோடை முழுக்க இங்கேயே இருந்துவிடுவேன். ஆனால் மழை இறங்கினால் ஓடை இந்தப் பக்கம் திரும்பிவிடும். என்னால் ஏறமுடியாது."

"முதல் மழைக்கு மறுநாள் என் வண்டி இங்கே நிற்கும். போதுமா?"

அல்லி சக்கரங்களைப் பார்த்தது. நான்கு டயரும் ஆற்றுக் கூழாங்கல் போல வழவழவென்று தேய்ந்திருந்தன.

"இந்த மொட்டை டயரோடா வருவீர்கள்?"

கரடிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "புது டயர் மாட்டிக்கொண்டு வருகிறேன், தங்கச்சி!" என்றது.

மறுநாள் கரடி நரியின் டயர் கடைக்குப் போனது. கடை ஒரு பாறை இடுக்கில் இருந்தது. விதவிதமான டயர்கள் அடுக்கியிருந்தன. பின்புறம் ஒரு மரத்தில் நான்கு டயர்கள் கயிற்றில் தொங்கின. குரங்குகள் அவற்றில் உட்கார்ந்து ஊஞ்சலாடிக்கொண்டிருந்தன.

நரி ஒரு நோட்டும் பென்சிலுமாக முன்னால் வந்தது. "வண்டி எங்கே எங்கே ஓடுகிறது? அதைச் சொன்னால்தான் நான் டயர் காட்டமுடியும்."

சுற்றிலும் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். கரடி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"மூங்கில் பள்ளத்துக்குப் போகும்! செம்மண் சரிவு, ஓடை, பாறை, முழங்கால் சேறு! எல்லாம் தாண்டிப் போகும்!"

"அடேயப்பா!" என்றன குரங்குகள்.

நரி பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டது. "வேறு?"

ஏரிக்கரைக்கு ஆமை ஏற்றிப்போகும் சங்கதியை அங்கே சொல்லக் கரடிக்கு வாய் வரவில்லை. "வேறு என்ன? அவ்வளவுதான்," என்றது.

வேடிக்கை பார்த்தவர்கள் யோசனை சொல்லத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் தம் காலைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள்.

"குளம்பு போல ஒடுக்கமாக இருக்கவேண்டும்!" என்றது காட்டாடு.

"நடுவில் சவ்வு வேண்டும்!" என்றது தவளை.

"ஆழமான நகம் வேண்டும். பிடித்தால் விடக்கூடாது!" என்றது உடும்பு.

கரடி தன் கையைத் திருப்பிப் பார்த்தது. நீளமான, கறுத்த நகங்கள். உடும்பு சொன்னதுதான் சரி என்று அதற்குப் பட்டது.

நரி ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தது. அதன் மேல் கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருந்தது. அந்தக் கட்டைகளைப் பட்டன் என்பார்கள். ஒவ்வொரு பட்டனும் கரடியின் கட்டைவிரல் பருமன்.

"சேற்று டயர். பன்னிரண்டு தேனடை விற்றது. இப்போது நான்கும் சேர்த்து எட்டு."

"தொங்குகிறதே, அது?"

"அதில் பட்டன் நடுத்தரம். தாரிலும் ஓடும், மண்ணிலும் ஓடும். ஒன்பது தேனடை."

"ஊஞ்சலுக்கு ஒன்பதா!" என்று கரடி சிரித்தது. எல்லாரும் சிரித்தார்கள். கரடி எட்டுத் தேனடையைக் கொடுத்துச் சேற்று டயரை மாட்டிக்கொண்டது. ஜீப் ஒரு சாண் உயரமாகத் தெரிந்தது. குரங்குகள் கைதட்டின.

அந்த வாரம் மூங்கில் பள்ளத்துக்குப் போனபோது வண்டி குதித்துக்கொண்டு இறங்கி, குதித்துக்கொண்டு ஏறியது. அல்லி மூங்கில் நிழலில் நின்று பார்த்தது. அதன் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி.

தார்ச்சாலையில் கதை வேறாக இருந்தது.

வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தாலே டயர் ஊளையிடும். ஆயிரம் வண்டுகள் ஒரே குடத்துக்குள் அடைபட்டாற்போல ஓர் இரைச்சல். முயல்கள் காதை மடக்கிக்கொண்டன. ஏரியிலிருந்து திரும்பும்போது ஆமை தினமும் ஆலமர வளைவில் இறங்கவேண்டும். "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தும். கரடிக்குக் கேட்காது. நாவல் மரத்தடி வந்த பிறகுதான் தெரியும்.

"நாளையும் இப்படித்தானா, பொன்னுரங்கம்?" என்றது ஆமை. "நீ இறக்கிவிட்ட இடத்திலிருந்து திரும்பி நடந்து என் வீடு சேர்வதற்குள் அடுத்த நாள் உன் வண்டிக்கு நேரமாகிவிடுகிறது. நான் வீட்டைப் பார்த்தே ஒரு வாரம் ஆயிற்று!"

"வீட்டைத்தான் முதுகில் வைத்திருக்கிறாயே!" என்று பூனை சிரித்தது.

டீசலும் முன்பைவிடக் கூடுதலாகக் குடித்தது. கரடி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழாம் நாளை நினைத்துக்கொண்டு மற்ற ஆறு நாளையும் ஓட்டியது.

ஒருநாள் ஏரிக்கரையில் வண்டி நின்றிருந்தபோது பூனை டயரை முகர்ந்து பார்த்தது.

"அண்ணே, உன் டயருக்கு நகம் குறைந்துவிட்டதே!"

உண்மைதான். நடுவில் இருந்த பட்டன்கள் பாதிக்குமேல் காணோம்.

"சேற்றில் தேயுமா என்ன?" என்றது கரடி.

"சேற்றிலா? சேற்றில் நீ வாரம் ஒருநாள் போகிறாய். வெயிலில் சுட்ட தார்தான் தின்றிருக்கிறது." பூனை ஒரு பாதத்தை நீட்டியது. பஞ்சு போன்ற பாதம். அதிலிருந்து நகங்கள் மெல்ல வெளியே வந்தன. மெல்ல உள்ளே போயின. "கெட்டித் தரையில் நடக்கும்போது நான் இவற்றை உள்ளே வைத்துக்கொள்வேன். வேண்டியபோது கூர்மையாக இருக்கும். உன் டயர் நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளுமா?"

கரடி தன் நகங்களைப் பார்த்தது. அவையும் எப்போதும் வெளியேதான் இருந்தன. நுனி மழுங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் அது அதைக் கவனித்ததே இல்லை.

ஆடி பிறந்து இரண்டாம் வாரம், ஒரு காலையில் முதல் மழை விழுந்தது. சிறு மழைதான். தார் நனைந்து மினுங்கியது. ஆலமர வளைவில் கரடி பிரேக்கை மிதித்தது. மிச்சமிருந்த கட்டைகள் ஈரத் தாரைப் பிடிக்கவில்லை. ஜீப் வழுக்கிக்கொண்டே போய்ப் பாறையில் இடித்து நின்றது. முயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஆமை வெளியே எறியப்பட்டு, கல்லில் பட்டுக் கவிழ்ந்து கிடந்தது.

கரடி ஓடிப்போய் அதைத் திருப்பி வைத்தது. ஓட்டில் ஒரு விரிசல்.

"வலிக்கிறதா?"

"வீட்டுச் சுவர் விரிந்தால் வலிக்காதா?" என்றது ஆமை. பிறகு மெதுவாகச் சொன்னது. "ஆனால் இன்று சரியாக என் இடத்தில் இறக்கிவிட்டாய்."

யாரும் சிரிக்கவில்லை.

தெற்கே வானம் இருண்டிருந்தது. அது சிறு மழைக்கான இருட்டு அல்ல. கரடிக்கு அல்லியின் ஞாபகம் வந்தது. முதல் மழைக்கு மறுநாள் வருகிறேன் என்று அதனிடம் சொல்லியிருந்தது. வண்டியில் இருந்த டயருக்கோ தாரில் நிற்கவும் வலு இல்லை, சேற்றில் ஏறவும் நகம் இல்லை.

கரடி ஜீப்பை நத்தை போல ஓட்டிக்கொண்டு நரியிடம் போனது.

"நீ என்னை ஏமாற்றிவிட்டாய்!"

நரிக்குக் கோபம் வரவில்லை. நோட்டைப் புரட்டிக் காட்டியது. "நீ சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். பார். மூங்கில் பள்ளம், சரிவு, சேறு. வேறு என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றாய்."

கரடி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அதில் இருந்தது ஒரே ஒரு நாள். மற்ற ஆறு நாளும், ஆமையும் முயல்களும், சுடுகிற தாரும், ஏரிக்கரையும் எங்கேயும் இல்லை.

"மறுபடி எழுது," என்றது கரடி. குரங்குகள் கேட்டுக்கொண்டிருந்தன. இந்த முறை அது அவற்றைப் பார்க்கவில்லை. "ஆறு நாள் தார்ச்சாலை. ஏரிக்குப் போய்வருவது. ஏறுவதெல்லாம் நடக்கமாட்டாதவர்கள். ஒருநாள் மண்தடம். சேறு இருக்கும். ஆனால் அவசரமாக ஓடவேண்டியதில்லை. என்னிடம் இருப்பது ஒன்பது தேனடை. குளிர்காலத்துக்கு வைத்தது."

நரி எழுதி முடித்தது. பின்புறம் போய்க் குரங்குகளை இறக்கிவிட்டு ஊஞ்சல் கயிற்றை அறுத்தது.

மறுநாள் விடியற்காலையில் மழை கொட்டியது. பூனையும் வண்டியில் ஏறிக்கொண்டது. "நீ எதற்கு?" என்று கேட்டதற்கு, "சும்மா," என்றது.

புது டயர் தாரில் சத்தமில்லாமல் ஓடியது. வளைவில் நிற்கச் சொன்னபோது நின்றது. செம்மண் தடத்தில் இறங்கியது. பள்ளத்தில் ஓடை ஏற்கனவே புகுந்திருந்தது. அல்லி ஒரு மேட்டில், முழங்கால் தண்ணீரில், மூன்று கால்களால் நின்றுகொண்டிருந்தது.

"வந்துவிட்டீர்களா, அண்ணா!"

கரடி அதைத் தூக்கி வண்டியில் படுக்கவைத்தது. ஜீப் ஏறத் தொடங்கியது. பாதி சரிவு ஏறியதும் சக்கரம் சுழன்றது. வண்டி நகரவில்லை. கரடி மிதித்தது. சேறு வாரி அடித்தது. டயர் இன்னும் கீழே புதைந்தது. பின்னால் தண்ணீரின் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அந்தச் சேற்று டயர் புதிதாக இருந்தபோது ஏறியதே!" என்று பூனை பதறியது.

கரடி கீழே குதித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தது. சரிவின் குறுக்கே யானைக் கூட்டம் ஒன்று சற்றுமுன் போயிருந்தது. அதே சேறு, அதே மழை. இந்த ஜீப்பைவிடக் கனமான உடம்புகள். ஆனால் தடங்கள் ஆழமாக இல்லை. முறம் போல அகன்று, மேலாகப் பதிந்திருந்தன. யானையின் பாதம் ஊன்றும்போது விரியும், தூக்கும்போது சுருங்கும். அதைக் கரடி எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. அந்தப் பாதத்தில் பெரிய நகம் ஏதும் கிடையாது.

கரடி டயர்முன் மண்டியிட்டது. வால்வு மூடியைக் கழற்றி, நகத்தால் ஊசியை அழுத்தியது.

"ஐயோ! காற்றை விடுகிறாயே!" என்று பூனை அலறியது.

"பாதிதான் விடுகிறேன்."

நான்கு டயரிலும் காற்று இறங்கியது. டயர்கள் தளர்ந்து, சேற்றின்மேல் அகலமாக உட்கார்ந்தன. கரடி வண்டியில் ஏறி, பொறுமையாக, மிதியாமல் மிதித்தது. சக்கரம் ஒருமுறை வழுக்கியது. பிறகு பிடித்தது. ஜீப் ஓர் அடி நகர்ந்தது. இன்னோர் அடி. குதிக்கவில்லை, உறுமவில்லை. கனத்த ஒரு விலங்கு தன் வழியில் போவதுபோல மெல்ல மேலேறியது.

தார்ச்சாலை வந்ததும் கரடி கைப்பம்பை எடுத்தது. மழையில் நின்று நான்கு டயருக்கும் மறுபடி காற்றடித்தது.

"இப்போது எதற்கு?" என்றது பூனை.

"நீ நகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறாய் அல்லவா? அதுபோலத்தான்."

வண்டி தாரில் ஓடியது. மழையின் ஓசை மட்டும் கேட்டது. சற்று தூரம் போனதும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மிகச் சின்னக் குரல்.

"அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்கள்."

கரடிக்குக் கேட்டது. உடனே நிறுத்தியது.

நாவல் மரத்தடியில், ஜீப்பின் படுதாவுக்குக் கீழே, அல்லி குட்டி ஈன்றது. பூனை மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டது. குட்டி நடுங்கும் கால்களை ஒவ்வொன்றாக ஊன்றிப் பார்த்தது. நான்கும் ஊன்றின. கரடி நனைந்த ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டது. சேற்று டயரின் இரைச்சலில் இந்தக் குரல் கேட்டிருக்குமா என்று நினைத்துப் பார்த்தது.

ஆமையின் ஓட்டில் அந்த விரிசல் மாறவே இல்லை. தினமும் அது ஆலமர வளைவில், தன் இடத்தில், இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கரடி எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, அதை இரண்டு கையாலும் தூக்கி இறக்கிவிடும்.

பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு நாளுக்காக ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர், சொல்லாமல் வாழும் மற்ற நாட்களையும் அந்த ஒரு நாளையும் சேர்த்தே இழப்பார்.