முள்ளில் குத்திய மாதிரி

கரட்டுப் புல்வெளியில் வெட்டுக்கிளிகளுக்குள் பெரிய சண்டை.

"நாங்கதான் அசல் வெட்டுக்கிளி!" என்றன பச்சைகள்.

"போங்கடா! அந்தப் பேரு எங்களுக்குத்தான்!" என்றன பழுப்புகள்.

பக்கத்து வேலமரத்தில் ஒரு கீச்சான் குருவி குடியிருந்தது. பூச்சிகளைப் பிடித்து முள்ளில் குத்திவைத்துத் தின்கிற பறவை அது. அதனிடம் போய்ப் பஞ்சாயத்து வைக்கலாமா? கோபம் கண்ணை மறைத்தது, வைத்தன.

"ரெண்டு பக்கமும் மாதிரிக்குன்னு ஒரு வெட்டுக்கிளிய அனுப்புங்க. குறையே இருக்கக் கூடாது. பத்திரமா வச்சுப் பாத்து, எது அசலுன்னு சொல்றேன். தோத்தவங்க புல்லை விட்டுக் கிளம்பிடணும்!" என்றது கீச்சான்.

இரு பக்கமும் தங்களில் அழகானதைத் தேடி அனுப்பின. போனவை திரும்பவில்லை.

"மாதிரின்னா மாறாம இருக்கணும்ல? முள்ளுல குத்தி வச்சேன். வெயில்ல நிறம் போயிடுச்சு. வேற அனுப்புங்க!" என்றது கீச்சான்.

அனுப்பாவிட்டால் தோற்றுவிடுவோமே என்று பயந்து, மறுபடி மறுபடி அனுப்பின.

புள்ளிக்காரி என்றொரு வெட்டுக்கிளி பச்சையுமில்லை, பழுப்புமில்லை. உடம்பெல்லாம் புள்ளி. எந்தப் பக்கமும் அவளைச் சேர்க்கவில்லை. ஆனால் அவள் தம்பி நல்ல பச்சை. அடுத்த மாதிரி அவன்தான் என்றதும் அவள் ஓடிப்போய் அவனை மறித்தாள்.

"போகாதடா!"

"விடுக்கா! நான் போகலன்னா நம்ம பேரே போயிடும்!"

கீச்சான் வெளியே போன நேரம் பார்த்து அவள் மரமேறினாள். முட்களில் மாதிரிகள் தொங்கின. பல பாதி தின்னப்பட்டிருந்தன. மிச்சமிருந்தவை காய்ந்து, எல்லாம் ஒரே வைக்கோல் நிறம்.

அதற்குள் கீச்சான் வந்துவிட்டது. அவள் அலகு நுழையாத முள்ளிடுக்கில் புகுந்துகொண்டு, புல்வெளிக்கே கேட்கக் கத்தினாள்: "ஐயா! இதுல பச்சை எது, பழுப்பு எது? சொல்லுங்க பாப்போம்!"

கீச்சான் ஒவ்வொரு முள்ளாகப் பார்த்தது, அதற்கே தெரியவில்லை. "கேக்க நீ யாரு? நீ எந்த மாதிரியோடயும் ஒத்துப் போகல. நீ வெட்டுக்கிளியே இல்ல!"

"இல்லன்னே வச்சுக்கோ! பேரில்லாமலே புல்லைத் தின்பேன், குதிப்பேன், முட்டையும் போடுவேன். உன்னால ஆனதைப் பாரு! டேய் தம்பி, இங்க எல்லாரும் ஒரே நிறம்டா! மீதிப் பேரு இவன் வயித்துல!"

இருட்டியதும் அவள் நழுவி இறங்கிவந்தாள். மறுநாள் கீச்சான் அதட்டியது. "மாதிரி எங்கே?"

"கிடையாது!" தம்பியின் குரல்தான் முதலில் கேட்டது. பிறகு பச்சையும் பழுப்பும் சேர்ந்தே கத்தின. "கிடையாது!"

"அப்போ ஒருத்தருக்கும் பேரு கிடையாது!"

"வேணாம், போ!"

நம்மைத் தின்னக் காத்திருப்பவனிடம் போய், நாம் யார் என்று தீர்ப்புக் கேட்கக் கூடாது.