பாதரசத்தின் உறவினர்

முன்னொரு காலத்தில், எதைக் கண்டாலும் பிரித்துப் பார்க்கும் அரசர் ஒருவர் இருந்தார். கடல்நீரைக் காய்ச்சி உப்பைப் பிரித்தார். கல்லை உருக்கி இரும்பைப் பிரித்தார். தன் கட்டிலையும் பிரித்தார். அதைத் திரும்பப் பூட்ட யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் அவர் சபையின் விகடகவி சேந்தனை அழைத்தார்.

"சேந்தா, என்ன செய்தாலும் வேறு பொருள்களாகப் பிரியாத பொருள்கள் சில இருக்கின்றன. அவற்றையெல்லாம் ஓர் அலமாரியில் அடுக்கு. பௌர்ணமிச் சபையில் பார்ப்பேன். ஒரு மாடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது."

"இருந்தால், அரசே?"

"நீ இந்த நாட்டில் இருக்க மாட்டாய்."

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வர முடியாதவர் தன் தலைப்பாகையை அனுப்புவார். அது இருக்கையில் இருந்தால் ஆள் இருப்பதாகவே கொள்வார்கள். சாய்ந்து உட்கார்ந்ததற்காக ஒரு தளபதியின் தலைப்பாகை கண்டிக்கப்பட்டதும் உண்டு. தலைப்பாகை இல்லாமல் வருபவர், வந்தும் வராதவர்.

பௌர்ணமி வந்தது. அலமாரியின் இடப்பக்கம் மேலிருந்து கீழாகச் செம்பு, வெள்ளி, தங்கம். தங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பியில் பாதரசம். இரும்பு, ஈயம், கந்தகம், கரி எல்லாம் தத்தம் இடத்தில் இருந்தன. பாதரசத்துக்கு மேலே இரண்டு மாடங்கள் காலி.

மந்திரி வல்லபராயர் இதை அலமாரி செய்த தச்சனிடம் முன்பே விசாரித்து வைத்திருந்தார். சேந்தனின் மனைவியும் விசாரித்திருந்தாள். அவள் வீட்டில் அம்மிக்கல்லைத் தூக்கிப் போவதா, விட்டுப் போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அரசே, இரண்டு ஓட்டைகள்!" என்றார் மந்திரி. "வைக்கப் பொருள் இல்லாதவன் மாடத்தை ஏன் செய்தான்?"

"உறவுகளை ஒரே வரிசையில் வைத்தேன்," என்றான் சேந்தன். "லேசானவர் மேலே, கனமானவர் கீழே. செம்புக்கும் வெள்ளிக்கும் தங்கம் உறவு. பாதரசம் மட்டும் அநாதையாகவா இருக்கும்? அதன் உறவினர் வரவேண்டும். இடம் போட்டிருக்கிறேன்."

"வந்துவிட்டார்," என்று மந்திரி மடியிலிருந்து ஒரு பித்தளைக் கட்டியை எடுத்து மேல் மாடத்தில் வைத்தார். "பித்தளையைக்கூட அறியாத விகடகவி!"

சேந்தன் அதை உற்றுப் பார்த்தான்.

"மந்திரியார் சரியான ஆளைத்தான் அழைத்து வந்திருக்கிறார். ஆனால் வந்தவர் மடியில் செம்பும் உட்கார்ந்திருக்கிறது. செம்புக்குத்தான் ஏற்கெனவே இடம் கொடுத்தாயிற்றே."

அரசரின் கண்கள் விரிந்தன. "பிரிக்க முடியுமா?"

"பாதரசத்தின் உறவினர் சூடு தாங்க மாட்டார், அரசே. புகையாகக் கிளம்பிவிடுவார். செம்பு மிஞ்சும்."

"என் வீட்டுப் பித்தளை அண்டாவில் தினமும் வெந்நீர் காய்கிறது," என்றார் மந்திரி. "யாரும் கிளம்பிப் போனதில்லை."

"வெந்நீர் அடுப்புக்கெல்லாம் அசைய மாட்டார். கொல்லனின் உலை வேண்டும்."

உலை வந்தது. துருத்தி ஊதினார்கள். பித்தளை உருகிக் கொதித்து, வெள்ளைப் புகை எழுந்தது.

"கரிப்புகை!" என்றார் மந்திரி.

"கரிப்புகை இவ்வளவு வெள்ளையா, மந்திரியாரே?"

மந்திரி நன்றாகக் குனிந்து பார்த்தார். இருமினார். மறுபடியும் குனிந்தார். அவருடைய தலைப்பாகையில் பஞ்சுபோல வெள்ளைத் தூள் படிந்தது. புகை நின்றபோது உலையில் மிஞ்சியது சிவப்புக் கட்டி. அரசர் அதை அலமாரிச் செம்போடு உரசிப் பார்த்தார். இரண்டும் ஒன்று.

"சரி, போய்விட்டாரே!" என்றார் மந்திரி. "மாடம் இன்னும் காலிதானே? மூட்டையைக் கட்டு."

"போகவில்லை. காற்றைப் போர்த்திக்கொண்டு வெள்ளைத் தூளாகத் தங்கள் தலையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் தனியாக வர இன்னும் நாளாகும். அதுவரை..."

சேந்தன் மந்திரியின் தலைப்பாகையை மெல்லத் தூக்கி மேல் மாடத்தில் வைத்தான்.

"சபை வழக்கப்படி இந்த மாடம் காலியில்லை."

"அரசே! அது என் தலைப்பாகை!"

அரசர் சுற்றும்முற்றும் பார்த்தார். "யார் பேசியது?"

"யாரும் இல்லை, அரசே," என்றான் வாயில்காப்போன். "மந்திரியார் அலமாரியில் இருக்கிறார்."

அரசர் இரண்டாவது மாடத்தைப் பார்த்தார். "இதற்கு?"

சபையில் எல்லோரும் இரண்டு கைகளாலும் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அரசர் தன் தலைப்பாகையைக் கழற்றி அங்கே வைத்தார். "இந்த உறவினருக்காக நானே காத்திருக்கிறேன். உனக்கு என்ன பரிசு வேண்டும், சேந்தா?"

சேந்தன் அவர் பக்கம் திரும்பவில்லை. அலமாரியைப் பார்த்து வணங்கினான்.

"தங்கள் விருப்பம், அரசே."

அரசர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஒரு பை நிறையத் தங்கம் கொடுத்தார். அலமாரியிலிருந்து அல்ல, கருவூலத்திலிருந்து.

அம்மிக்கல் இருந்த இடத்திலேயே இருந்தது.