கழிமுகத்துப் பலகை

குற்றாலலிங்கம் மணலில் ஓடி வந்தார். அறுபது வயதுக்காரர் செருப்புகூட இல்லாமல் ஓடி வருவதைப் பார்த்து, கழியோரச் சேற்றில் கண்டல் மர நாற்று நட்டுக்கொண்டிருந்த உலகம்மை நிமிர்ந்தார்.

“அம்மா, என்னைக் கூப்பிட்டுட்டாங்க.”

“யாரு அண்ணாச்சி?”

“உலகமே கூப்பிட்ட மாதிரிதான்.”

உலகம்மைக்கு நாற்பது வயதிருக்கும். ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் ஒரு குடில் நடத்திவந்தார். குற்றாலலிங்கம் வெளிநாடுகளில் அணு உலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனசு அடங்க மாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டு இந்தக் குடிலுக்கு வந்தவர், அப்படியே உலகம்மைக்குச் சீடராகத் தங்கிவிட்டார். குருவைவிடச் சீடர் மூத்தவர். அதனால் அவர் ‘அம்மா’ என்பார், இவர் ‘அண்ணாச்சி’ என்பார்.

“மூச்சு வாங்கிட்டுச் சொல்லுங்க.”

குற்றாலலிங்கம் மூச்சு வாங்கவில்லை.

“அணு உலையில எரிஞ்சு முடிஞ்ச எரிபொருள் இருக்குல்லா, பல்லாயிரம் வருஷத்துக்கு அதோட கதிர்வீச்சு அடங்காது. அதை என்ன செய்யன்னு தெரியாம ஒவ்வொரு நாடும் தன் வீட்டுக் கொல்லையில வச்சிருக்கு. இப்ப பல நாடுங்க சேர்ந்து, எல்லாத்தையும் ஒரே இடத்துல பத்திரமா வைக்கப் போறாங்க. தூரத்துல ஒரு தீவு. பாறையை ஆழமாக் குடைஞ்சு உள்ளே வச்சு மூடிருவாங்க.”

“தீவுல ஆள் இல்லையா?”

“இருக்காங்க. நம்ம ஊரு மாதிரியேதான். கடலைப் பார்க்க வர்றவங்களை வச்சுத்தான் அவங்க பிழைப்பு. அதனாலதான் இது சிக்கலான வேலை. விருந்தாளி பயந்து ஓடிரவும் கூடாது, பின்னால எவனும் தோண்டிப் பார்த்துரவும் கூடாது. அதுக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை வேணும். அதைச் செய்யற குழுவுல என்னையும் சேர்த்திருக்காங்க.”

“நல்ல வேலை.”

“பத்தாயிரம் வருஷம் கழிச்சு வர்றவன்கிட்ட பேசப் போறேன் அம்மா. நம்ம எழுத்து அவனுக்குத் தெரியாது. பாஷை தெரியாது. அவன்கிட்ட ‘தொடாதே’ன்னு எப்படிச் சொல்றது?”

உலகம்மை கையிலிருந்த நாற்றை ஊன்றி, சுற்றிலும் சேற்றை அழுத்தினார்.

“நீங்க ஏற்கெனவே ஏதோ யோசிச்சு வச்சிருக்கீங்க.”

வைத்திருந்தார். மறுநாள் காலையிலிருந்து கொட்டகையில் பலகை அறுக்கும் சத்தம் கேட்டது. சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. சட்டையெல்லாம் சாயத்தோடு ஒரு நாள் அவரே வந்து உலகம்மையைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனார்.

ஆள் உயரப் பலகை. எழுத்தே கிடையாது. மண்ணுக்கு அடியிலிருந்து கருப்பு முட்கள் முளைத்து மேலே வந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு முகம், வாயைத் திறந்து அலறிக்கொண்டிருந்தது. பலகையின் இரண்டு பக்கமும் அதே படம்.

உலகம்மை நெடுநேரம் பார்த்தார். “குழந்தைங்க பார்த்தா அழும்.”

“அதுதான் வேணும். எந்தக் காலத்து மனுஷனுக்கும் புரியும். இதை நம்ம கழிமுகத்துல நட்டுப் பார்க்கணும்.”

கழிமுகம் பொல்லாத இடம். கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி கிடக்கும், அடியில் ஆளை வாரிக்கொண்டு போய்விடும். இறங்காதீர்கள் என்று மூன்று மொழிகளில் எழுதிய பலகை ஒன்று அங்கே நின்றது. அதை எடுத்துவிட்டுத் தன்னுடையதை நட வேண்டும் என்றார் குற்றாலலிங்கம். எழுத்தில்லாமலே ஆட்கள் விலகிப் போனால் அவருடைய படம் ஜெயித்த மாதிரி.

உலகம்மை சம்மதித்தார். ஆனால் மீனவர் ததேயுவை வரச்சொல்லி, வள்ளத்தைக் கழிமுகத்தை ஒட்டியே நிறுத்திவைக்கச் சொன்னார்.

“அது எதுக்கு அம்மா? என் பலகை மேல நம்பிக்கை இல்லையா?”

“தண்ணி மேலதான் இல்லை.”

பலகை நின்ற வாரமே ஊர் களைகட்டியது. அந்தப் படத்தை யாரோ அலைபேசியில் எடுத்து நாலு பேருக்கு அனுப்ப, நாலு பேர் நாற்பது பேருக்கு அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கழிமுகத்தில் நிற்க இடமில்லை. மணல் மேட்டில் உலகம்மையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த குற்றாலலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

“பாருங்க அம்மா. அத்தனை பேரும் பலகையைத்தான் பார்க்கான்.”

“ஆமா. பலகையைத்தான் பார்க்காங்க.”

பலகைக்கு முன்னால் வரிசை நின்றது. ஒவ்வொருவராக வந்து, அந்த முகத்தைப் போலவே வாயைத் திறந்துகொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் இடம் கிடைக்காத ஒரு புதுமணத் தம்பதி பலகையின் கடல் பக்கத்துக்குப் போனார்கள். அங்கே யாரும் இல்லை. பெண் பலகையோடு சாய்ந்து நின்றாள். மாப்பிள்ளை, பலகை முழுசாகப் படத்தில் விழ வேண்டும் என்று அலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி பின்னால் நகர்ந்தான். கணுக்கால். முழங்கால். இன்னும் கொஞ்சம்.

குற்றாலலிங்கம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்.

அவர் போய்ச் சேரும்போது மாப்பிள்ளையின் தலை மட்டும் தூரத்தில் தெரிந்தது. விளையாடுகிறான் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். குற்றாலலிங்கம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். பின்னாலேயே வந்த உலகம்மை அவர் சட்டைக் காலரை இறுகப் பிடித்துக்கொண்டார். ததேயுவின் வள்ளம் இரைச்சலோடு பாய்ந்து வந்தது. மிதவை கட்டிய கயிறு பறந்து போய் விழுந்தது. மாப்பிள்ளை அதைப் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான்.

கரையில் கிடத்தியதும் குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினான். கண்ணைத் திறந்து, “போன் எங்க?” என்றான். கூட்டம் கை தட்டியது. அந்தப் பெண் அவனை ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு, அவன் மேலேயே விழுந்து அழுதாள்.

அழுகை ஓய்ந்த பிறகு உலகம்மை அவளிடம் கேட்டார். “பலகையைப் பார்த்தியாம்மா?”

“அதைப் பார்க்கத்தானே வந்தோம்.”

“அது என்ன சொல்லுதுன்னு நினைச்ச?”

“சொல்லுதா?” என்றாள் அவள்.

குற்றாலலிங்கம் அந்த இடத்திலேயே பலகையைப் பிடுங்கினார். உதவிக்கு வந்தவர்களைத் தள்ளிவிட்டு, தனியாகவே கொட்டகைவரை இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கூட்டம் கலைந்திருந்தது. அவர் மேல் அதே ஈரச் சட்டைதான். ஆனால் முகம் பழையபடி பளபளத்தது.

“கண்டுபிடிச்சுட்டேன் அம்மா. பலகைதான் ஆளை இழுக்குது. அதனால பலகையே கூடாது. உள்ளே வச்சு மூடிட்டு, மேலே மரத்தை நட்டுட்டு, எல்லாரும் மறந்துரணும். ஒரு அடையாளம் இருக்கக் கூடாது. இருக்குன்னே தெரியாத இடத்தை எவன் தேடிப் போவான்? சாயங்காலம் குழுவுல பேசும்போது இதைத்தான் சொல்லப் போறேன்.”

“அப்ப இங்கேயும் ஒண்ணும் வைக்காம விட்டுரலாமா?”

அவர் ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்தார்.

“நீங்க வர்றதுக்கு முந்தி இங்க பலகை கிடையாது அண்ணாச்சி. வெறும் மணல்தான். தண்ணி அழகா இருக்குன்னு ஒரு பையன் இறங்கினான். அவன் அம்மா இப்பவும் வருஷம் தவறாம வந்து இங்க நின்னுட்டுப் போறாங்க.”

குற்றாலலிங்கம் தண்ணீரைப் பார்த்தார். அது அசையாமல் மின்னிக்கொண்டிருந்தது.

“ஆட்களையே வரவிடாம நிறுத்திட்டா?”

“ஆள் வராட்டா இந்த ஊரு என்னைக்கோ கண்டல் காட்டை வெட்டி இறால் பண்ணைக்குக் கொடுத்திருக்கும். அந்தத் தீவுக்காரங்க மட்டும் என்ன சாப்பிடுவாங்க?”

“காட்டினாலும் வர்றான். மறைச்சாலும் வர்றான். அப்ப என்னதான் செய்யறது?”

உலகம்மை தண்ணீர்ப் பக்கமாக நடந்தார். பலகை பிடுங்கிய குழிக்குப் பக்கத்தில் போய் மணலில் உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் ஒரு குடும்பம் வந்தது. முன்னால் ஒரு சிறுமியும் அவள் தம்பியும் தண்ணீரை நோக்கிப் பாய்ந்து வந்தார்கள்.

“எந்த ஊரு?” என்று கேட்டார் உலகம்மை.

“தர்மபுரி.”

“கடல் பார்த்திருக்கியா?”

“இதான் முதல் தடவை.”

உலகம்மை பக்கத்தில் கிடந்த தேங்காய் மட்டையை எடுத்துச் சிறுமியின் கையில் கொடுத்தார். “தண்ணியில போடு பார்ப்போம்.”

அவள் வீசினாள். மட்டை ஒரு கணம் சும்மா மிதந்தது. பிறகு யாரோ கயிறு கட்டி இழுப்பது போல விறுவிறுவென்று கடலுக்குள் போனது. புள்ளியாகி மறைந்தது. சிறுமி வாயைப் பிளந்தபடி நின்றாள். அவள் கை தானாகவே தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

“குளிக்கிற இடம் அந்தப் பக்கம். அங்க அலை நல்லா ஏறி வரும், போய் ஆடுங்க.”

குடும்பம் அந்தப் பக்கம் நடந்தது. எதிரே இன்னொரு கூட்டம் கழிமுகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. சிறுமி அவர்களிடம் ஓடினாள்.

“அங்க இறங்காதீங்க. மட்டை போயிருச்சு. நான் பார்த்தேன்.”

“எங்க போச்சு பாப்பா?” என்று அவர்களில் ஒருவர் நின்றார். அவள் கையை நீட்டி நீட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். அந்தக் கூட்டமும் அவளோடு திரும்பி நடந்தது.

குற்றாலலிங்கம் மெல்ல நடந்து உலகம்மையிடம் வந்தார். கொட்டகையிலிருந்து எடுத்து வந்திருந்த அலைபேசி அவர் பையில் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். குழுவிலிருந்துதான். அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

“ஒரு ஆளை உட்கார வையுங்கன்னு நான் போய்ச் சொன்னா அவங்க சிரிப்பாங்க அம்மா.”

“சிரிக்கட்டும்.”

“அது பத்தாயிரம் வருஷம் அங்க கிடக்கும். ஒரு மனுஷன் எவ்வளவு காலம்தான் உட்கார்ந்திருக்க முடியும்?”

உலகம்மை எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினார். தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் காட்டினார்.

“அடுத்த ஆள் வர்ற வரைக்கும்.”