குழாய் பிடிக்கிறவன்

கஸ்பார் சங்கு குளிக்கிறவன். வயது நாற்பத்தாறு. பதினொரு நாளாகக் கடலில் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை என்பதுதான் சரி.

காலையில் நேராக மாதாவின் கல்குகையான கெபிக்குப் போனான். மாதா சுரூபத்துக்கு முன்னால் இஞ்ஞாசி சாமி குத்தவைத்து உட்கார்ந்து, தட்டில் ஒழுகிக் காய்ந்த மெழுகைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். பங்குச் சாமியாராக இருந்து ஓய்வுபெற்றவர். நாலு வருஷம் முன்பு கஸ்பார் குடியை நிறுத்தியபோது மூச்சு ஜெபம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மூச்சை இழுக்கும்போது 'இயேசுவே'. விடும்போது 'எனக்கு இரங்கும்'. அவ்வளவுதான். புத்தகம் வேண்டாம், முழங்கால் போட வேண்டாம். கஸ்பார் அதைப் பல் விளக்கும்போது சொன்னான். பஸ்ஸில் சொன்னான். கடலுக்கடியில் ரப்பர் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டும் சொன்னான்.

"சாமி, வேற ஜெபம் குடுங்க."

"இதுக்கு என்ன கேடு?"

"கரையில நல்லா வருது. தண்ணிக்குள்ள ரெண்டு பாகம் ஆழம் போனா நின்னுருது. மூச்சும் கூடவே நின்னுருது. பதறியடிச்சு மேல வந்துருதேன்."

"குழாய் யாருலே பிடிக்கான்?"

கஸ்பார் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து குழாய் வழியாகக் காற்று கீழே போகும். குழாய் மடங்காமல், சிக்காமல், மேலே இருந்து ஒருவன் கையில் பிடித்து விட வேண்டும். அவன் குளிக்கிறவனின் பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். அந்தக் கரையில் அதுதான் வழக்கம். அக்காள் தாலியைத் தம்பி அறுக்க மாட்டான். கஸ்பாருக்கு இருபது வருஷமாகப் பிடித்தவன் மச்சினன் அமலன்.

மூன்று வாரம் முன்பு எட்டுப் பாகத்தில், ஏறக்குறைய ஐம்பது அடி ஆழத்தில், காற்று நின்றது. கஸ்பார் மூக்கில் ரத்தத்தோடு மேலே வந்தான். கரை சேர்ந்ததும் ஊர் பார்க்க அமலனைச் செருப்பால் அடித்தான். வாயைத் திறக்க விடவில்லை. இனி என் வள்ளத்தில் கால் வைக்காதே என்றான்.

"கூலிக்கு ஒரு ஆளு போட்டிருக்கேன் சாமி. நல்ல ஆளு. குடிக்க மாட்டான்."

"அப்ப எதுக்குப் பதறுதே?"

"தெரியல."

சாமி பிளேடைக் கீழே வைத்தார்.

"மூச்சை இழு."

இழுத்தான்.

"இன்னும் இழு. விடாதே. இன்னும்."

கஸ்பாருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. தலையை ஆட்டினான். புஸ்ஸென்று விட்டான்.

"எடமில்ல சாமி."

"சரி. ஜெபத்துல ஒண்ணே ஒண்ணு மாத்திக்க. இழுக்கையில 'இயேசுவே'. விடுகையில 'அமலனுக்கு இரங்கும்'."

"அவனுக்கா? என்னைக் கொல்லப் பாத்தவனுக்கா?"

"அவனுக்குத்தான்."

"முடியாது."

"முடியாட்டா மூச்சை விடாதே. இழுத்துக்கிட்டே இரு. போ, எனக்கு வேலை கெடக்கு."

மூன்று நாள் கழித்து வந்தான். முகம் செத்திருந்தது.

"வீட்டுக்காரி சோத்த வைக்கா. பேச மாட்டேங்கா. கடலுக்கும் போக முடியல. அதனால சொன்னேன் சாமி, நீங்க சொன்னதை. சும்மா வாயாலதான் சொன்னேன். மனசு வரல."

"மூச்சு வெளிய போச்சா?"

"போச்சு."

"மனசையா கேட்டேன்? மூச்சைத்தானே கேட்டேன்."

"எத்தனை நாளைக்குச் சொல்லணும்?"

"எத்தனை நாளைக்கு மூச்சு விடப் போறே?"

கஸ்பார் முனகிக்கொண்டே போனான். போகும்போதும் ஒருதரம் சொன்னான். எரிச்சலோடுதான் சொன்னான்.

அப்புறம் ஒரு வாரம் ஆளைக் காணோம். எட்டாம் நாள் அமலன் வீட்டு வாசலில் நின்றான். அமலன் முற்றத்தில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு எப்படி இருக்கும் தண்ணி?" என்றான் கஸ்பார்.

"தெளிவாத்தான் இருக்கும்."

"வாறியா?"

"குழாய மாத்தியாச்சா?"

"இல்ல."

"வெடிச்சுப் போன குழாய், மாத்துங்க அத்தான்னு மூணு தடவ சொன்னேன். இந்த சீசன் ஓடட்டும்னீங்க. கையில பிடிச்சிருக்கேன், கண்ணு முன்னால மடங்குது. நிமித்துறதுக்குள்ள நீங்க மேல வந்துட்டீங்க."

கஸ்பார் தரையைப் பார்த்தான். மூன்று தடவை சொன்னது ஞாபகம் இருந்தது.

"மாத்திட்டுச் சொல்லி விடுங்க," என்றான் அமலன். "வாறேன்."

கஸ்பார் திரும்பி நாலு எட்டு நடந்தான். நின்றான்.

"அமலா. அன்னைக்கு... செருப்பால..."

"குழாய மாத்துங்க அத்தான்."

மாற்றினான். மறுநாள் இருவரும் போனார்கள். கஸ்பார் இறங்கினான். இரண்டு பாகம் தாண்டியது. நாலு தாண்டியது. எட்டில் மணல் தட்டியது. காற்று வந்தது. இழுத்தான். விட்டான். மத்தியானத்துக்குள் முப்பத்திரண்டு சங்கு.

அன்று சாயங்காலம் கெபிக்கு வந்தான். சாமி சுருட்டு பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சு சாமி. தண்ணிக்குள்ளயும் வந்துச்சு."

"சரி."

"ஒண்ணு கேக்கணும்."

"கேளு. சுருக்கக் கேளு."

"நான் மேல வரும்போது அமலன் குழாயப் பிடிச்சிக்கிட்டு என்னமோ முணுமுணுத்தான். காதைக் கொடுத்துக் கேட்டேன். 'இயேசுவே, கஸ்பாருக்கு இரங்கும்'ங்கான். நீங்கதான் அவனுக்கும் சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஆமா."

"எப்ப?"

"நீ அடிச்ச அன்னைக்கு. இதே எடத்துல உக்காந்து அழுதான். மூச்சு முட்டுது சாமின்னான்."

கஸ்பார் சாமிக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"அன்னையிலருந்தா சொல்லுதான்? எனக்காகவா?"

"நாள் தப்பாம."

"நான் தண்ணியில எறங்காத நாளெல்லாமா? அவன் கையில குழாயே இல்லையே சாமி."

சாமி புகையை விட்டார்.

"பின்ன இத்தனை நாளும் உனக்கு யாரு காத்துக் குடுத்தான்னு நெனச்சே?"