கண்ணாடி வீட்டுக்குப் போன ஊசிவால் வாத்து

கட்டடங்கள் முடிந்து கோரைப்புல் தொடங்குகிற இடத்தில் ஒரு ஏரி இருந்தது. மார்கழி பிறந்ததும் வடக்கிலிருந்து ஊசிவால் வாத்துகள் அங்கே வந்து இறங்கும். அந்த வருடமும் வந்தன. பசியோடு வந்த கூட்டம் முதலில் இரையைத் தேடியது. ஆம்பல் என்ற வாத்து மட்டும் தன் தங்கையைத் தேடியது.

தங்கையின் பெயர் பாசி. போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை அது நகரம் பார்க்கப் போனது. திரும்பி வரவில்லை. பனி முடிந்து கூட்டம் வடக்கே கிளம்பியபோதும் வரவில்லை. ஒரு வருடமாக ஆம்பலுக்குத் தின்றது உடம்பில் ஒட்டவில்லை.

ஊசிவால் வாத்துகளிடம் ஒரு வழக்கம் உண்டு. தூங்கும்போது வரிசையாக உட்காரும். வரிசையின் ஓரத்தில் இருக்கும் வாத்து ஒரு கண்ணை மட்டுமே மூடும். வெளிப்பக்கத்துக் கண் திறந்தே இருக்கும். நடுவில் இருப்பவை இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கும். ஓரத்தில் கண் திறந்திருந்தால் போதும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். 

பாசி இருந்தவரை அதுதான் அக்காவுக்கு ஓரக்காவல். அது போன பிறகு ஆம்பலே ஓரத்துக்கு வந்துவிட்டது. ஒரு வருடமாக அது முழுத் தூக்கம் தூங்கியதில்லை.

கரையிலிருந்த மின்கம்பத்தில் சொக்கு என்ற காக்கை உட்கார்ந்து கூவிக்கொண்டிருந்தது.

"சனி, ஞாயிறு ரெண்டே நாள்! பீச்சு, கச்சேரி, படகு, கண்ணாடி வீடு! இந்தக் குளிர்ல ஏரியில உக்காந்து இன்னா பண்ணப் போறீங்க? வாங்க, ஊரைச் சுத்திக் காட்டறேன்!"

ஆம்பல் ஓடிப்போய்க் கேட்டது. "அண்ணே! என் தங்கச்சியை நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க? அவ எங்கே?"

"பாசியா? கண்ணாடி வீட்டுல சும்மா ராணி மாதிரி இருக்குது! வெயில் இல்ல, மழை இல்ல, பசி இல்ல. வர மாட்டேன்னு சொல்லிடுச்சு!"

பக்கத்தில் நீந்திய நாமக்கோழிக்குப் பொறுக்கவில்லை. "நீ கூட்டிட்டுப் போனதுல ஒருத்தராவது திரும்பி வந்திருக்காங்களா?" என்று கேட்டது.

"நல்லா இருக்கற இடத்தை விட்டு யாரும்மா வருவா?" என்றது சொக்கு.

நாமக்கோழி ஆம்பலின் காதோரம் வந்தது. "போகாதே. இவன் பேச்சு நல்லா இல்லை."

"என் தங்கச்சி இருக்கிற இடம் தெரிஞ்ச பிறகு நான் எப்படிப் போகாம இருப்பேன்?" என்று ஆம்பல் கேட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் ஆம்பலும் சொக்குவும் கிளம்பினார்கள். நகரத்தின் மேல் பனி அப்பிக் கிடந்தது. கடற்கரையில் மனிதர்கள் தலையில் குரங்குக் குல்லாவும் கழுத்தில் மப்ளருமாக விறுவிறுவென்று நடந்தார்கள். பனிக்குள் போனார்கள். சற்று நேரத்தில் அதே பனியிலிருந்து எதிர்ப்பக்கமாக வந்தார்கள்.

"எங்கே போறாங்க?"

"எங்கேயும் இல்ல. திரும்பி வர்றதுக்குத்தான் போறாங்க!" என்றது சொக்கு.

"போனவங்க திரும்பி வர்றாங்களே!" என்றது ஆம்பல். சொக்கு பேச்சை மாற்றி, "வா, வா, கச்சேரிக்கு நேரமாச்சு!" என்று பறந்தது.

சபாவின் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். மேடையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். எதிரே இருந்தவர்கள் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"கொசுவா அண்ணே?"

"தாளம்மா அது! உள்ள பாதிப் பேருக்குக் கேண்டீன்லதான் கண்ணு. பேசாம பாரு."

ஆம்பலுக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. "பாசியை எப்போ பார்க்கலாம்?" என்று கேட்டது.

"நாளைக்கு. முதல்ல மத்த மூணையும் பாக்கணும். அதுதான் முறை."

மாலையில் படகுத் துறைக்குப் போனார்கள். தண்ணீரில் பெரிய பெரிய வாத்துகள் மிதந்தன. ஒவ்வொன்றும் எருமை அளவு இருந்தது. எல்லாம் ஒரே நிறம். எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. ஆம்பல் பயபக்தியோடு கிட்டே போய், "பெரியம்மா, சௌக்கியமா?" என்றது.

பதில் இல்லை. அந்த வாத்தின் வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு அதன் விலாப்பக்கமாக இரண்டு மனிதர்கள் இறங்கிக் கரையேறினார்கள். வாத்து அசையாமல் அப்படியே நின்றது. ஆம்பலுக்கு முதுகுச் சிறகெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"அண்ணே! அவங்க ஏன் பேசலை?"

"இது டவுனும்மா! இங்க யாரும் புதுசா வந்தவங்க கூடப் பட்டுனு பேச மாட்டாங்க. கண்ணு மட்டும் திறந்திருக்கும். பழகிக்கோ!"

பாவம், ஆம்பல் அதை நம்பியது. நகரத்து வழக்கம் என்று எது சொன்னாலும் ஏரிக்காரர்கள் தலையாட்டிவிடுவார்கள்.

அன்று ஒரு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் படுத்தார்கள். சொக்கு நன்றாகக் குறட்டை விட்டது. தனியாக இருக்கும் வாத்துக்கு இரண்டு பக்கமும் ஓரம்தானே! ஆம்பல் இந்தக் கண்ணை மூடி அந்தக் கண்ணைத் திறந்தது, அந்தக் கண்ணை மூடி இந்தக் கண்ணைத் திறந்தது. பொழுது விடிந்தபோது கழுத்தைத் தூக்கக்கூட அதற்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணாடி வீட்டை அடைந்தார்கள். ஊருக்கு நடுவே, ஆனால் ஆள் நடமாட்டமே இல்லாத சந்து. பழைய மாடி வீடு. அதன் மேல் சூரியன் இருந்தது, ஆனால் சூடு இல்லை. சுற்றிலும் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

வாசலில் ஒரு மனிதர் நின்றார். வெள்ளை வேட்டி, சுத்தமான கைகள். அவர் ஆம்பலை அலகிலிருந்து வால் வரை பார்த்துவிட்டுக் காற்றில் இரண்டு சாண் அளந்தார்.

"ஜோடி கேட்டீங்களே, கொண்டாந்துட்டேன்!" என்றது சொக்கு.

"சரியா இருக்கும்" என்றார் அவர்.

இதில் சொக்குவுக்கு என்ன லாபம் என்று கேட்கிறீர்களா? அந்த மனிதருக்கு வேண்டியது தோலும் சிறகும் மட்டும். உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துச் சன்னலுக்கு வெளியே வைத்துவிடுவார். அதைத் தின்றுதான் சொக்குவின் உடம்பு அப்படிப் பளபளத்தது.

ஆம்பல் உள்ளே போனது. நீளமான கூடம். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். அவற்றுக்குள் கீரி, மரநாய், மீன்கொத்தி, நாரை. எல்லாம் நின்றுகொண்டிருந்தன. நாரை ஒரு காலைத் தூக்கியபடி இருந்தது, கீழே வைக்கவே இல்லை. கீரியின் வாய் திறந்திருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

"சௌக்கியமா?" என்று ஆம்பல் ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டே நடந்தது. ஒருவரும் பேசவில்லை. டவுன் வழக்கம் என்று மனதைத் தேற்றிக்கொண்டது.

கடைசி அலமாரி திறந்திருந்தது. அதற்குள் ஒரு பலகையின் மேல் பாசி நின்றது!

"பாசி! அடி பாசி! கடன்காரி! ஒரு வருஷமா எங்கேடி போனே?" ஆம்பலுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. பாய்ந்து போய்த் தங்கையின் கழுத்தோடு கழுத்தை வைத்து உரசியது.

பாசி அசையவில்லை.

"கோபமா? நான் உன்னை விட்டுட்டு வடக்கே போயிட்டேன்னு கோபமா? கடைசி நாள் வரைக்கும் பார்த்தேன்டி! கூட்டம் கிளம்பிட்டுது, நான் என்ன செய்வேன்?"

பாசி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. ஆம்பல் அதன் கழுத்தைக் கோதிவிட்டது. அலகில் கசப்பாக ஒரு பொடி ஒட்டியது. கற்பூர வாசனை அடித்தது. "என்னவோ டவுன் சோப்புப் போல" என்று ஆம்பல் துப்பிவிட்டது. உடம்பு குளிர்ந்திருந்தது. "மார்கழி ஆச்சே" என்றது. தொட்டால் லேசாக, சுள்ளி போல இருந்தது. "ஒழுங்கா சாப்பிடறதே இல்லை நீ!" என்று கடிந்துகொண்டது. தங்கை உயிரோடு கிடைத்துவிட்டாள் என்பதைத் தவிர வேறெதையும் கேட்க அதன் மனம் தயாராக இல்லை.

பாசியின் பக்கத்தில் இன்னொரு பலகை அடித்து வைக்கப்பட்டிருந்தது. காலியாக இருந்தது. அளவும் சரியாக இருந்தது. ஆம்பல் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது.

"நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் ஏரிக்குப் போயிடலாம். என்ன?"

பாசி மறுக்கவில்லை. அதன் இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன. பளபளவென்று, இமைக்காமல், வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அதைப் பார்த்ததும் ஆம்பலுக்கு ஒரு வருடத்துக் களைப்பும் ஒன்றாக வந்து இறங்கியது. கூட்டத்தில் எந்த வாத்தும் ஒரு கண்ணால்தான் காவல் காக்கும். தன் தங்கை இரண்டு கண்ணாலும் காக்கிறாளே!

"நல்லவேளை, நீ ஓரத்துல இருக்கே" என்று முணுமுணுத்தது ஆம்பல். "கொஞ்ச நேரம் பார்த்துக்கோடி."

அலகைச் சிறகுக்குள் செருகியது. ஒரு கண்ணை மூடியது. பிறகு இன்னொரு கண்ணையும் மூடியது.

வாசலில் அந்த மனிதர் செருப்பைக் கழற்றும் சத்தம் மெல்லக் கேட்டது. ஏரிக்கரையில் அந்தச் சத்தம் கேட்டிருந்தால் ஆம்பல் வானத்தில் இருந்திருக்கும். ஆனால் இங்கே காவலுக்குத்தான் தங்கை இருக்கிறாளே! வெறுங்கால்கள் கூடத்தைக் கடந்து வந்தன. பாசி அவரை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டே நின்றது. ஒரு சத்தம் போடவில்லை.

சன்னலுக்கு வெளியே சொக்கு அலகைத் தீட்டிக்கொண்டது.

கண் திறந்திருப்பவர்கள் எல்லாரும் நமக்குக் காவல் இருப்பவர்கள் அல்லர்; எத்தனை அன்பானவர் பக்கத்தில் இருந்தாலும், நம் கண்ணில் ஒன்றாவது நமக்காக விழித்திருக்க வேண்டும்.